இரத்தம் ஏற்றினால் புற்று பரவுமா?

சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் ஒரு தகப்பனார் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ‘ஸ்கோப்’ விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் கட்டி. அது புற்றுநோய்தான் என்று முடிவும் வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் இரண்டு பை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர்.

வெளியே தாழ்வாரத்தில் குடும்பம் கூடி நிற்கிறது. “வேணாம்யா, ரத்தம் ஏத்துனா புத்து ஒடம்பெல்லாம் பரவிடுமாம்” என்கிறார் பெரியப்பா. “வெளி ஆளு ரத்தம் எதுக்கு? அப்பாவுக்கு நான் குடுக்கறேன்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறான் மூத்த மகன். சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளிதான். ஆனால், நம் வீடுகளில் தாழ்வாரத்தில் எடுக்கும் முடிவுதான் கட்டிலுக்குப் போய்ச் சேருகிறது.

பெரியப்பா சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது. மருத்துவ உலகமே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. மகன் சொல்வதிலும் பாசம் இருக்கிறது. ஆனால், இருவர் பேச்சையும் கேட்டு இரத்தம் வேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இரத்தம் எங்கே போயிற்று?

முதலில், அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலேயே அவருக்கு ஏன் இரத்தம் குறைந்தது என்று பார்க்க வேண்டும். இரைப்பைக் கட்டியின் மேற்பரப்பு புண்ணாகி, சொட்டுச் சொட்டாக இரத்தம் கசியும். வாந்தியில் சிவப்பாக வந்தால் யாரும் பயந்து ஓடிவிடுவார்கள். மெல்லக் கசியும்போது அப்படித் தெரிவதில்லை. இரைப்பை அமிலத்தில் பட்டுக் கறுத்துப்போய், தார் போன்ற மலமாக வெளியேறும். சில சமயம் அந்தக் கறுப்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. மாதக் கணக்கில் இப்படிக் கசிந்தால் உடம்பில் உள்ள இரும்புச்சத்து முழுவதும் தீர்ந்துபோகும்.

அப்போது வரும் அறிகுறிகள் என்ன? களைப்பு, மூச்சிரைப்பு, பசியின்மை, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வு. இவை அத்தனைக்கும் நம் வீடுகளில் தயாராக ஒரு பெயர் உண்டு: ‘கேஸ்ட்ரிக்’. கடையில் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் வாங்கிக் குடித்து மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். களைப்புக்கு வயதைக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். மூட்டுவலிக்கு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை இரைப்பைப் புண்ணை இன்னும் கிளறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

தோட்டத்து மக்களுக்கு இரத்தச்சோகை புதிய நோயன்று. வெறுங்காலோடு காட்டில் நடந்த காலத்தில் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியது. மலேரியா மீதியை எடுத்துக்கொண்டது. தோட்டத்து டிரஸ்ஸர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து “வெளுத்துப் போயிருக்கு” என்று சொன்ன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதனாலேயே வெளுத்துப்போவதை ஒரு நோயாக எண்ணாமல் உடம்பு வாகாக எண்ணிவிடும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து இரத்தச்சோகை வந்தால், வேறு காரணம் தெளிவாகும்வரை குடலிலோ இரைப்பையிலோ எங்கோ கசிகிறது என்றுதான் மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கும் இதே கணக்குத்தான்.

நம் நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் பெரும்பாலோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். தென்கொரியாவில் நாற்பது வயதானவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கத் திட்டத்தின் கீழ் இரைப்பைப் பரிசோதனை நடக்கிறது. அங்கே இந்த நோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரைப்பையில் குடியிருந்து புண்ணையும் புற்றையும் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி தீபகற்ப மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர் வளர்த்துக் காட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்ற அதே கிருமிதான். சென்னையிலும் பல ஆண்டுகளாக ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று ஒன்று என்பதை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு காட்டுகிறது.

பெரியப்பாவின் சந்தேகம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கதை சிறுநீரகத்தில் தொடங்குகிறது. 1973-இல் அமெரிக்காவில் ஓபெல்ஸ், டெராசாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் விந்தையான ஒன்றைக் கண்டார்கள். முன்பே இரத்தம் ஏற்றப்பட்டிருந்த நோயாளிகளின் உடம்பு, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை அவ்வளவாக எதிர்க்கவில்லை. பிறர் இரத்தம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தூங்கிவிடுகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். சிறுநீரகம் பொருத்தியவருக்கு அது நன்மை. ஆனால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் ஓரிரு புற்றணுக்களைத் தேடி அழிக்க வேண்டியதும் அதே எதிர்ப்புச் சக்திதானே? அது தூங்கிவிட்டால்?

1981-இல் இந்தக் கேள்வி மருத்துவ இதழில் வெளிப்படையாக எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரோஸ், டார்ட்டர் இருவரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் புரட்டி, இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று எழுதினார்கள். அதன்பின் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பதிவுகளும் அலசப்பட்டன. பலவற்றில் அதே படம். 2015-இல் அமெரிக்காவின் 7 மருத்துவமனைகளில் இரைப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 765 பேரின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இரத்தம் பெற்றவர்கள் குறைந்த காலமே வாழ்ந்திருந்தார்கள். கட்டியின் அளவு, நோயின் கட்டம் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

அப்படியென்றால் பெரியப்பா சொல்வது சரிதானே?

அவசரப்படக் கூடாது. ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை பழைய பேரேட்டைப் புரட்டுகிறார். டிரஸ்ஸரிடம் அடிக்கடி போனவர்கள்தான் அதிகம் இறந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார். டிரஸ்ஸரின் மருந்தா அவர்களைக் கொன்றது? நோய் முற்றியவர்கள்தாம் அடிக்கடி போயிருப்பார்கள். இரத்தக் கணக்கும் இப்படித்தான். கட்டி பெரிதாக இருந்தால் கசிவு அதிகம், அறுவைச் சிகிச்சை நீளும், உடம்பும் தளர்ந்திருக்கும். இரத்தமும் அவருக்குத்தான் தேவைப்படும். முடிவில் அவர் இறந்துபோனால், கொன்றது கட்டியா, பையில் வந்த இரத்தமா? எவ்வளவுதான் கணக்கைக் கழித்தாலும் நோயாளியின் மெலிவு முழுவதையும் எண்களில் அடக்கிவிட முடியாது.

இதைப் பிரித்துப் பார்க்க ஹாலந்துக்காரர்கள் ஒரு வழி செய்தார்கள். பெருங்குடல் புற்றுநோயாளிகள் 475 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வழக்கம்போலப் பிறர் இரத்தம். மறுபாதிக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவர்களிடமிருந்து எடுத்துச் சேமித்த அவர்களுடைய இரத்தம். பிறர் இரத்தம்தான் குற்றவாளி என்றால் சொந்த இரத்தம் பெற்றவர்கள் நன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். 1993-இல் முடிவு வெளியானது. இரண்டு பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. சொந்த இரத்தமோ பிறர் இரத்தமோ, ஏற்ற வேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாகவே இருந்தது. குறை இரத்தத்தில் இல்லை, இரத்தம் தேவைப்படும் அளவுக்குப் போன நிலைமையில்தான் பெரும்பகுதி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. பெருங்குடலுக்குக் கண்டதை இரைப்பைக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். பிறர் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் எதிர்ப்புச் சக்தியை ஓரளவு தளர்த்தக்கூடும் என்ற ஐயமும் முழுதாகத் தீரவில்லை. அதனால்தான் வெள்ளை அணுக்களை வடிகட்டிய இரத்தம் இப்போது பல இடங்களில் பயன்படுகிறது. ஆனால், ‘ஏற்றினால் பரவும்’ என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை.

எவ்வளவு குறைந்தால் ஏற்றுவது?

இங்கேதான் மருத்துவர்களின் பழக்கமும் மாறியிருக்கிறது. ஹீமோகுளோபின் அளவைத் தாதியர் ‘எச்.பி.’ என்பார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு அது. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். ஒரு காலத்தில் 10-க்குக் கீழே போனாலே பை தொங்கவிடுவார்கள். 1999-இல் கனடாவில் தீவிரச் சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் நடந்த ஆய்வு அதை மாற்றியது. 7-க்குக் கீழே போகும்வரை காத்திருந்தவர்கள் மோசமாகிவிடவில்லை. 2013-இல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில், இரைப்பையிலும் மேற்குடலிலும் இரத்தம் கசிந்து வந்த 921 பேரிடம் நடந்த ஆய்வில், 7 வரை பொறுத்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆறு வாரத்தில் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனதுமே ஏற்றியவர்களில் 91 விழுக்காடு. பெருக்கெடுத்துக் கொட்டும் இரத்தப்போக்கு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இரத்தம்தான் உயிர்.

இதைப் படித்துவிட்டு, “குறைவா ஏத்துறதுதான் நல்லதாம்” என்று வார்டில் போய் வாதாடக் கூடாது. 2015-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ புற்றுநோய் மருத்துவமனை ஒரு மாற்றுச் செய்தியைச் சொன்னது. வயிற்றில் பெரிய புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 198 பேரில், 7 வரை காத்திருந்தவர்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினர் 30 நாளில் இறந்தார்கள். 9-இலேயே இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் இறந்தவர்கள் 8 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். ஆனாலும், எல்லாருக்கும் ஒரே எண் பொருந்தாது என்று எச்சரிக்கிறது. இதய நோய் உள்ளவர், மூச்சுத் திணறுபவர், இன்னும் கசிந்துகொண்டிருப்பவர் ஆகியோருக்கு 8-கூடப் போதாமல் இருக்கலாம். எண்ணையும் ஆளையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த அன்றே, “அப்பாவுக்கு எச்.பி. எவ்வளவு? இரும்புச்சத்து எவ்வளவு? இப்போதே ஏதாவது செய்யலாமா?” என்று கேட்கலாம். முந்தைய நாள் இரவு கேட்டுப் பயனில்லை.

முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் போதாதா என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் எச்.பி.யை 8-லிருந்து 12-க்கு ஏற்றி, உடம்பின் சேமிப்பையும் நிரப்ப ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். சாப்பிட்ட கையோடு ஒரு குவளைத் தேநீர் குடித்தால் அதுவும் குறையும். ஈரல் நல்லதுதான். ஆனால், மூன்று வாரத்தில் கத்தி வைக்கப்போகும் ஒருவருக்கு அது ஈடுகொடுக்காது. இரும்பு மாத்திரைக்கும் மாதங்கள் பிடிக்கும். நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து, முழு 1,000 மில்லிகிராமையும் ஒரே அமர்வில் கொடுக்கக்கூடியது.

தென்கொரியாவில் இதை இரைப்பைப் புற்றுநோயாளிகளிடமே சோதித்தார்கள். இரைப்பை அகற்றப்பட்டு ஒரு வாரத்தில் எச்.பி. 7-க்கும் 10-க்கும் இடையே இருந்த 454 பேர். பாதிப் பேருக்கு நரம்பு வழி இரும்பு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 12 வாரம் கழித்து, இரும்பு பெற்றவர்களில் 92 விழுக்காட்டினருக்கு எச்.பி. போதிய அளவு ஏறியிருந்தது. மற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்குத்தான். 2017-இல் வெளியான இந்த ஆய்வு, யார் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று அளக்கவில்லை. பிரிட்டனில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் 487 பேரிடம் இதே மருந்தைச் சோதித்தபோது, இரத்தம் ஏற்றும் தேவையோ இறப்போ குறையவில்லை என்று 2020-இல் தெரிந்தது. பிறகு வந்த வாரங்களில் எச்.பி. நன்றாக ஏறியதும், மீண்டும் மருத்துவமனைக்கு வந்து படுப்பது குறைந்ததும்தான் பலன். எனவே இரும்பு மருந்து மந்திரமன்று. ஆனால், வீடு திரும்பியவர் எழுந்து நடக்கவும், அடுத்து வரும் கீமோ சிகிச்சையைத் தாங்கவும் வலு வேண்டுமே.

மகனின் இரத்தம்

மகன் சட்டைக் கையை மடித்ததற்கு வருவோம். அப்பாவுக்கு மகன் இரத்தம் கொடுத்தால் பாதுகாப்பு என்பது பொதுவான எண்ணம். உண்மை நேர்மாறாகவும் இருக்கலாம். நெருங்கிய உறவினரின் வெள்ளை அணுக்கள் அப்பாவின் உடம்புக்கு அந்நியமாகத் தெரியாமல் உள்ளே தங்கி, பெருகி, அவர் உடம்பையே தாக்கும் ஓர் அபூர்வ நோய் உண்டு. வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதனால் உறவினர் இரத்தத்தைப் பயன்படுத்த நேர்ந்தால் முதலில் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவார்கள். மகன் தாராளமாக இரத்தம் கொடுக்கலாம். அது இரத்த வங்கிக்குப் போகட்டும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டு வேறு ஒருவருக்குப் போகட்டும். அப்பாவுக்கு யாரோ ஒருவர் கொடுத்தது வரும்.

அந்த ‘யாரோ ஒருவர்’ நம்மவராக இருக்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. இரத்த வகையில் ‘நெகட்டிவ்’ என்ற பிரிவு மலாய்க்காரரிடமும் சீனரிடமும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத அளவுக்கு அபூர்வம். இந்தியர்களிடையே நூற்றுக்கு ஐந்து பேர் வரை இருக்கிறார்கள். கூலிமிலோ பாடாங் செராயிலோ இருந்து வரும் ஒரு ‘ஓ நெகட்டிவ்’ தமிழருக்கு அறுவைச் சிகிச்சை நாளில் நான்கு பை தேவைப்பட்டால், அதைக் கொடுத்திருக்கக்கூடியவர் பெரும்பாலும் இன்னொரு இந்தியராகத்தான் இருப்பார். கோயில் மண்டபத்தில் இரத்த தான முகாம் என்றால் பாயசம் பரிமாறப் பத்துப் பேர் நிற்கிறோம். படுக்கையில் படுக்க எத்தனை பேர் என்பதை அந்தந்த மண்டபம் அறியும்.

வயிறு இல்லாமல் வாழ்வது

1881 ஜனவரி 29-ஆம் நாள் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் ஒரு பெண்ணின் இரைப்பையிலிருந்து புற்றுக் கட்டியை வெட்டியெடுத்தார். நோயாளி பிழைத்த முதல் அறுவைச் சிகிச்சை அதுதான். நான்கு மாதத்தில் நோய் திரும்பி அவர் இறந்தார். இரத்த வகைகள் என்று இருக்கின்றன என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அதே வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் அதை எழுதியது 1901-இல். இன்று முழு இரைப்பையையும் எடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகிக்கொள்கிறார்கள். இனிப்பான பானத்தை ஒரே மூச்சில் குடித்தால் படபடத்து வியர்க்கும் என்று தெரிந்து ஒதுங்குகிறார்கள்.

அவர்களுக்கும் இரத்தச்சோகை மீண்டும் வரும், வேறு வழியில். அமிலம் இல்லாததால் இரும்பு சரியாக உறிஞ்சப்படுவதில்லை. வைட்டமின் பி12-ஐக் குடல் எடுத்துக்கொள்ள உதவும் ஒரு பொருளை இரைப்பைதான் சுரக்கிறது. இரைப்பையே போய்விட்டால் அதுவும் இல்லை. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வீடு திரும்பிய முதல் ஆண்டில் ஒன்றும் தெரிவதில்லை, “நல்லாத்தானே இருக்கேன், ஊசி எதுக்கு?” என்று பி12 ஊசியை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. முழு இரைப்பையும் எடுக்கப்பட்டவருக்கு அது ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய மருந்து. நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்துப் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், ஞாபகம் தவறும். நம் வீடுகளில் அதற்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: ‘சக்கரை’. நீரிழிவும் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபோர்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கக்கூடியது. இரைப்பை எடுக்கப்பட்டு, அந்த மாத்திரையும் சாப்பிடும் ஒருவருக்குக் கால் மரத்துப்போனால், சர்க்கரை அளவைப் பார்க்கும்போதே பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் கேட்கலாம். அறுவைச் சிகிச்சையின் விடுவிப்புக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. இரைப்பை எடுக்கப்பட்டது புதிதாக வந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.